முள்வேலிக்குள் கிடைத்த விருந்து

1943 ஏப்ரல் மாதம். அமெரிக்காவின் தெற்கே மிசிசிப்பி மாநிலத்தில், ஹட்டீஸ்பர்க் நகருக்குப் பக்கத்தில் இருக்கும் கேம்ப் ஷெல்பி ராணுவப் பயிற்சி முகாமில் ஹவாய் தீவு இளைஞர்கள் வந்து இறங்கினார்கள். பலர் கையில் உக்குலேலே என்ற குட்டி கிட்டார். பையில், வழியனுப்ப வந்த சொந்தபந்தங்கள் கொடுத்த பணம். அவர்களுடைய பெற்றோர் ஜப்பானிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்கு வந்தவர்கள். பிள்ளைகளோ அமெரிக்க மண்ணில் பிறந்த அமெரிக்கக் குடிமக்கள். இந்த இரண்டாம் தலைமுறைக்கு 'நிசெய்' என்று பெயர்.

முகாமில் அவர்களை வரவேற்றதும் நிசெய் இளைஞர்கள்தான். கலிபோர்னியா போன்ற மேற்குக் கரை மாநிலங்களில் பிறந்து வளர்ந்தவர்கள். அதே முகச்சாயல், அதே மாதிரியான குடும்பப் பெயர்கள். அண்ணன் தம்பி போல ஒட்டிக்கொள்வார்கள் என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள். ஆனால் வந்த வேகத்திலேயே இரண்டு தரப்பும் மூக்கில் ரத்தம் வர அடித்துக்கொண்டன.

இவர்களை ஒரே படையாக்கி, கடல் கடந்து ஐரோப்பாவுக்குப் போருக்கு அனுப்ப வேண்டும். பயிற்சி அதிகாரிகளுக்குத் தலைவலி அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

இரண்டு விதமான ஊர்

1941 டிசம்பர் 7-ஆம் தேதி ஹவாயின் பேர்ல் துறைமுகத்தை ஜப்பான் தாக்கியது. அன்றிலிருந்து அமெரிக்காவில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினர் எல்லோர் மீதும் சந்தேகம் விழுந்தது. 1942 பிப்ரவரி 19-ஆம் தேதி அதிபர் ரூஸ்வெல்ட் ஓர் உத்தரவில் கையெழுத்திட்டார். மேற்குக் கரையில் இருந்த குடும்பங்கள் வீட்டையும் கடையையும் வயலையும் கிடைத்த விலைக்கு விற்றுவிட்டு, கையில் எடுக்க முடிந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதாயிற்று. குழந்தை, கிழவர் என்ற பேதமில்லாமல் சுமார் 1,20,000 பேர் முள்வேலி போட்ட முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள்.

ஹவாயில் நிலைமை வேறு. அங்கே மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஜப்பானிய வம்சாவளியினர். எல்லோரையும் அடைத்தால் தீவே இயங்காது. அதனால் சிலரைப் பிடித்துப் போனதோடு சரி. மற்றவர்கள் தங்கள் வீட்டில், தங்கள் ஊரிலேயே இருந்தார்கள்.

1943 தொடக்கத்தில் நிசெய்களுக்கு மட்டும் தனிப் படை அமைக்கப்போவதாக அரசு அறிவித்தது. அதுதான் 442-வது படைப்பிரிவு. ஹவாயில் 1,500 பேரைக் கேட்டார்கள். ஏறக்குறைய 10,000 பேர் முன்வந்தார்கள். அவர்களில் 2,600-க்கும் மேற்பட்டவர்கள் தேர்வானார்கள். முள்வேலி முகாம்களிலிருந்து முன்வந்தவர்கள் சுமார் 1,200 பேர்தான். தன் குடும்பத்தை அடைத்து வைத்திருக்கும் அரசுக்காகப் போருக்குப் போவதா என்று வீட்டுக்கு வீடு சண்டை. அந்தச் சண்டையைத் தாண்டி வந்தவர்கள் அந்த 1,200 பேர்.

இந்தக் கதை ஹவாய் பையன்களுக்குத் தெரியாது. தெரிந்தவர்களோ வாய் திறக்கவில்லை.

சோறும் சம்பளமும்

கேம்ப் ஷெல்பி பைன் மரக் காட்டுக்கு நடுவே இருந்த முகாம். தங்குவதற்குப் பலகையால் அடித்த சின்னச் சின்னக் குடில்கள். கோடையில் புழுக்கம். மழை பெய்தால் சேறு. காட்டுக்குள் பயிற்சிக்குப் போனால் உண்ணியும், கண்ணுக்குத் தெரியாத பூச்சிகளும் சட்டைக்குள் புகுந்து பிடுங்கும். கடற்காற்றில் வளர்ந்த தீவுப் பையன்களுக்கு அந்த வெக்கை பெரிய தண்டனை.

விடிவதற்குள் எழுந்து, படுக்கையைச் சுருக்கமில்லாமல் விரித்து, வரிசையில் நிற்க வேண்டும். பிறகு உடற்பயிற்சி, அணிவகுப்பு, துப்பாக்கிச் சுடுதல், முதுகில் மூட்டையோடு மைல் கணக்கில் நடை. துப்பாக்கியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டுவது தினமும் உண்டு. முறை வரும்போது சமையல் கூடத்தில் உருளைக்கிழங்கு உரிக்க வேண்டும். அமெரிக்க ராணுவத்தின் அளவுகளில் தைத்த சட்டையும் கால்சட்டையும் குள்ளமான பலருக்குத் தொளதொளவென்று தொங்கின.

சாப்பாட்டில்தான் ஹவாய்க்காரர்களுக்குப் பெரிய ஏக்கம். மூன்று வேளையும் சோறு தின்று வளர்ந்தவர்களுக்குத் தட்டில் விழுந்தது உருளைக்கிழங்கும் ரொட்டியும். பக்கத்துப் படைகளின் சமையல் கூடங்களுக்கு உருளைக்கிழங்கைக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு அரிசி வாங்கி வந்து பொங்கிச் சாப்பிட்டார்கள்.

சாதாரணச் சிப்பாய்க்கு மாதச் சம்பளம் 50 டாலர். ஹவாய் பையன்கள் சம்பள நாளன்று தாயக்கட்டை உருட்டினார்கள். பீர் வாங்கி எல்லோருக்கும் ஊற்றினார்கள். கையில் இருப்பதையெல்லாம் ஒரே ஆட்டத்தில் வைத்து ஆடுவதை அவர்கள் 'கோ ஃபார் புரோக்' என்பார்கள். பிறகு அதுவே படையின் முழக்கமானது.

மேற்குக் கரைப் பையன்கள் ஆட்டத்தில் சேர மாட்டார்கள். ஒரு பீரை வைத்துக்கொண்டே மாலையை ஓட்டிவிடுவார்கள். 'கஞ்சன்கள்' என்று ஹவாய்க்காரர்கள் சிரித்தார்கள். அந்தக் கஞ்சத்தனத்துக்குக் காரணம் அவர்களுக்குத் தெரியவில்லை. முள்வேலிக்குள் இருந்த அப்பாவும் அம்மாவும் நாள் முழுக்க உழைத்தாலும் மாதம் 12 முதல் 19 டாலர்தான் கிடைக்கும். மகன் அனுப்பும் பணத்தில்தான் தம்பிக்குச் செருப்பும் தங்கைக்கு ஸ்வெட்டரும்.

மொழியும் சேர்ந்துகொண்டது. ஹவாய்க்காரர்கள் பேசியது பல மொழிகள் கலந்த தோட்டத்து ஆங்கிலம். பள்ளிக்கூட ஆங்கிலம் பேசிய மற்றவர்களுக்கு அது சிரிப்பாக இருந்தது. சிரித்தவனுக்கு உடனே குத்து விழுந்தது. முன்பே ராணுவத்தில் இருந்த மேற்குக் கரைக்காரர்கள் பலர் சார்ஜென்ட் பட்டையோடு அதிகாரம் செய்ததும் எரிச்சலைக் கிளப்பியது. ஹவாய்க்காரர்கள் அவர்களுக்கு 'கொட்டாங்க்' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். தண்ணீரில்லாத தேங்காய் தரையில் விழும் சத்தமாம். மண்டை காலி என்று பொருள். பதிலுக்குக் கிடைத்த பட்டம் 'புத்தாஹெட்'.

இப்படியே போனால் இந்தப் படையைக் கலைத்துவிடலாமா என்றுகூட மேலதிகாரிகள் யோசித்ததாக, அந்த முகாமில் இருந்த டேனியல் இனோயே பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஹொனலுலுவில் பிறந்த அவருக்கு அப்போது 18 வயது. மருத்துவராகும் கனவோடு படித்துக்கொண்டிருந்தவர், படிப்பை விட்டுவிட்டுப் படையில் சேர்ந்திருந்தார்.

பேச்சில்லாத பயணம்

மிசிசிப்பிக்கு அடுத்த ஆர்கன்சா மாநிலத்தில் ரோவர், ஜெரோம் என்று இரண்டு அடைப்பு முகாம்கள் இருந்தன. அங்கிருந்த குடும்பங்கள் வார இறுதிக்கு வரச் சொல்லி அழைப்பதாக ஹவாய் பையன்களிடம் சொல்லப்பட்டது. ஜப்பானியக் குடும்பங்கள் வாழும் ஏதோ ஊர், அங்கே பெண்கள் இருப்பார்கள், நடனம் இருக்கும் என்றுதான் இனோயேயும் நண்பர்களும் நினைத்தார்கள். முகச்சவரம் செய்து, சீருடையை மடிப்புக் கலையாமல் உடுத்தி, உக்குலேலேயும் கிட்டாருமாகக் கிளம்பினார்கள். வழியெல்லாம் பாட்டு.

போய்ச் சேர்ந்த இடத்தில் வரிசை வரிசையாகத் தகரக் கொட்டகை போன்ற நீண்ட குடியிருப்புகள். சுற்றிலும் முள்வேலி. காவல் கோபுரங்கள். கோபுரத்தில் நின்ற காவலர்கள் அணிந்திருந்ததும் இவர்கள் அணிந்திருந்த அதே அமெரிக்க ராணுவச் சீருடை.

உள்ளே இருந்தவர்கள் தங்களுக்குக் கிடைத்த ரேஷனில் மிச்சம் பிடித்து விருந்து வைத்திருந்தார்கள். இரவு தங்கத் தங்கள் அறைகளையே காலி செய்து கொடுக்க முன்வந்தார்கள். பையன்கள் மறுத்துவிட்டார்கள். யாரோ ஒருவருடைய அம்மா முள்வேலிக்குள் நின்று அவர்களுக்குச் சாப்பாடு பரிமாறினார். அந்த அம்மாவின் மகன் கேம்ப் ஷெல்பியில் இவர்களிடம் குத்து வாங்கியவனாகக்கூட இருக்கலாம்.

திரும்பும்போது யாரும் பாடவில்லை. பேசவும் இல்லை. தன் குடும்பத்தை இப்படி அடைத்திருந்தால், தான் தானாக முன்வந்து படையில் சேர்ந்திருப்பேனா? அந்தப் பயணத்தில் ஒவ்வொருவர் மனதிலும் ஓடியது இந்தக் கேள்விதான் என்று இனோயே பல முறை நினைவுகூர்ந்திருக்கிறார். தன்னால் 'ஆம்' என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றும் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

முகாமுக்குத் திரும்பியவர்கள் நண்பர்களிடம் பார்த்ததைச் சொன்னார்கள். செய்தி குடிலுக்குக் குடில் பரவியது. 442-வது படைப்பிரிவு உண்மையில் உருவானது அப்போதுதான் என்பார் இனோயே. மாதக் கணக்கான அணிவகுப்பால் முடியாததை, ஒரு வேளைச் சாப்பாடு செய்துவிட்டது. 'கொட்டாங்க்' என்ற பட்டப்பெயர் மட்டும் மாறவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அது நண்பனைக் கூப்பிடும் பெயர்.

கடிதங்களும் தர்பூசணியும்

போக்குவரத்து ஒருவழியாக நின்றுவிடவில்லை. ஆர்கன்சா முகாம்களிலிருந்து இளம்பெண்கள் பஸ்ஸில் கேம்ப் ஷெல்பி நடன நிகழ்ச்சிகளுக்கு வந்தார்கள். ஜெரோம் முகாமில் இருந்த மேரி நாகஹாரா என்ற பெண், தன்னிடம் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு படித்த சிறுமிகளைச் சேர்த்துக்கொண்டு நிசெய் வீரர்களுக்குக் கடிதம் எழுதி வந்தார். முகவரிப் பட்டியல் நீண்டுகொண்டே போனது. ஷெல்பியிலிருந்து வந்த பில் கோச்சியாமா என்ற வீரரை அவர் சந்தித்ததும் அந்த நாட்களில்தான். போர் முடிந்து 1946-இல் இருவரும் மணந்துகொண்டார்கள். யூரி கோச்சியாமா என்ற பெயரில் பிற்காலத்தில் மனித உரிமைப் போராளியாக அறியப்பட்டவர் அவர்தான்.

ஹட்டீஸ்பர்க்கில் எர்ல் ஃபின்ச் என்ற வெள்ளைக்கார வியாபாரி இருந்தார். கறுப்பினத்தவருக்குத் தனிக் குழாய், தனி வாசல் என்று இருந்த ஊர் அது. அந்த ஊரில் அவர் நிசெய் பையன்களை வீட்டுக்கு அழைத்துச் சாப்பாடு போட்டார். தர்பூசணி வெட்டி விருந்து வைத்தார். அக்கம்பக்கத்தினரின் ஏச்சைப் பொருட்படுத்தவில்லை. காயம்பட்டுத் திரும்பியவர்களை ராணுவ மருத்துவமனைகளுக்குத் தேடிப் போய்ப் பார்த்தார். போருக்குப் பின் அவர் ஹவாய் போனபோது பெரிய வரவேற்பு காத்திருந்தது. கடைசியில் ஹவாயிலேயே குடியேறிவிட்டார்.

கப்பல் ஏறிய பிறகு

பயிற்சி ஏறக்குறைய ஒரு வருடம் நீடித்தது. அதற்குள் ஹவாய் நிசெய்களின் இன்னொரு படையான 100-வது பட்டாளம் இத்தாலியில் போரிட்டு ஏராளமானவர்களை இழந்திருந்தது. அந்த இடங்களை நிரப்ப ஷெல்பியிலிருந்து தொகுதி தொகுதியாக ஆட்கள் போனார்கள். நேற்று வரை பக்கத்துக் கட்டிலில் படுத்தவன் இன்று இல்லை. சில வாரங்களில் அவன் பெயர் செய்தியாக வரும். 1944 மே மாதம் 442-வது படைப்பிரிவும் இத்தாலிக்குக் கப்பல் ஏறியது.

அந்த ஆண்டு அக்டோபரில், பிரான்ஸின் வோஜ் மலைக்காட்டில் ஜெர்மானியர்களிடம் சிக்கிக்கொண்ட டெக்சாஸ் பட்டாளம் ஒன்றை மீட்கும் வேலை இவர்களுக்கு வந்தது. 211 பேரை மீட்டார்கள். அந்தச் சண்டையில் இறந்தும் காயம்பட்டும் இவர்கள் இழந்தது அதைப்போலப் பல மடங்கு. 1945 ஏப்ரலில் இத்தாலியில் நடந்த சண்டையில் இனோயே வலது கையை இழந்தார். மருத்துவர் கனவு அங்கேயே முடிந்தது. பிறகு சட்டம் படித்து அரசியலுக்கு வந்தவர், 1963 முதல் 2012-இல் இறக்கும் வரை ஹவாயின் செனட்டராக இருந்தார். அடைத்து வைத்ததற்கு அமெரிக்க அரசு 1988-இல் சட்டம் இயற்றி மன்னிப்புக் கேட்டது. உயிரோடு இருந்தவர்களுக்குத் தலா 20,000 டாலர் கொடுத்தது.

ரோவர் முகாம் இருந்த இடத்தில் இன்று எஞ்சியிருப்பவற்றில் முக்கியமானது ஒரு சிறிய கல்லறைத் தோட்டம். அங்கே பீரங்கி வண்டி வடிவத்தில் கான்கிரீட் நினைவுச் சின்னம் ஒன்று நிற்கிறது. போரில் இறந்த நிசெய் வீரர்களுக்காக 1945-இல் கட்டப்பட்டது. கட்டியவர்கள், முள்வேலிக்குள் அடைபட்டிருந்தவர்கள்தான்.