தாயுமானவர் ஊரில் தாய்க்கு இடமில்லையா?

கைக்குழந்தையோடு நெடும்பயணம் போகும் தாய் வழியில் எப்படிப் பாலூட்டுவது? இந்தக் கேள்விக்கு நம்மிடையே ஆயத்தமாக மூன்று பதில்கள் இருக்கின்றன. பிள்ளை வளரும்வரை பயணமே வேண்டாம் என்பது ஒன்று. புட்டியில் எடுத்துக்கொண்டு போ என்பது இரண்டாவது. அதற்கென்று கட்டியிருக்கும் அறைக்குள் போய்க் கொடு என்பது மூன்றாவது. மூன்றும் அக்கறையின் குரலில்தான் வருகின்றன. ஆனால் மூன்றுமே தாயை நோக்கிச் சொல்லப்படுகின்றன. அவளுக்குப் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருப்பவரை நோக்கி ஒரு சொல்லும் இல்லை. இந்த மூன்றையும் நாம் மறுக்கிறோம்.

பயணமே வேண்டாம் என்பவர்கள் யார்? தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவதும், மூன்றாம் மாதத்திலோ ஐந்தாம் மாதத்திலோ குழந்தையோடு புகுந்த வீட்டில் கொண்டுவந்து விடுவதும் நம் வழக்கம். முதல் ஆறு மாதம் குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே போதும், தண்ணீர்கூட வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தாய்ப்பாலில் ஏறத்தாழ 88 விழுக்காடு நீர்தான் என்பதால் கோடையிலும் இதுவே விதி. அந்த ஆறு மாதத்துக்குள்தான் நம் சம்பிரதாயம் குழந்தையைப் பேருந்தில் ஏற்றுகிறது. ஸ்ரீரங்கத்தில் தாய்வீடும் சென்னையில் புகுந்த வீடுமாக அமைந்தவளுக்கு அது முந்நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வழி. அதற்குப் பிறகு குலதெய்வத்துக்கு முடியிறக்க ஒரு பயணம், காதுகுத்த ஒரு பயணம், சமயபுரத்தாளுக்கு நேர்ந்துகொண்டதற்கு ஒரு பயணம். இத்தனை பயணங்களையும் நாமே விதித்துவிட்டு, வழியில் பிள்ளைக்குப் பசிக்கக் கூடாது என்பது என்ன நியாயம்?

பச்சிளங்குழந்தை ஒரு நாளில் எட்டு முதல் பன்னிரண்டு முறை பால் குடிக்கும். திருச்சியிலிருந்து சென்னைக்குப் பேருந்தில் ஆறு மணி நேரம் என்று வைத்துக்கொண்டாலும், இரண்டு மூன்று முறையாவது பசிக்கும். அந்தப் பசி பெரம்பலூரைத் தாண்டும்போது வரலாம், உளுந்தூர்பேட்டைக்கு முன்னால் வயல்வெளியில் வரலாம். சாலையோர உணவகத்தில் வண்டி நிற்கும் நேரம் பார்த்துத்தான் வரவேண்டும் என்று குழந்தையிடம் யார் சொல்வது?

புட்டியை எடுத்துக்கொள் என்பது எளிய அறிவுரை போலத் தோன்றும். மாவுப்பால் கலக்கக் கொதித்து ஆறிய நீர் வேண்டும்; புட்டியும் காம்பும் ஒவ்வொரு முறையும் கொதிநீரில் தூய்மை செய்யப்பட வேண்டும். ஓடும் பேருந்தில் இதற்கு வழியில்லை. புட்டி தவறிய இடத்தில் வயிற்றுப்போக்கு வரும் என்பது பழைய பாடம். குழந்தைப் பால்மாவுக்கும் பால்புட்டிக்கும் விளம்பரம் செய்வதையே 1992-ஆம் ஆண்டுச் சட்டம் நம் நாட்டில் தடைசெய்திருக்கிறது என்பதையும் நினைவில் வைக்கலாம். உடல்நிலையாலோ வேறு காரணத்தாலோ புட்டிப்பால் கொடுக்கும் தாயைக் குறைசொல்வது நம் நோக்கமன்று. பால் சுரக்கும் தாயிடம், பக்கத்தில் இருப்பவரின் கூச்சத்துக்காகப் புட்டியைத் திணிப்பதையே எதிர்க்கிறோம்.

சரி, தாய்ப்பாலையே பீய்ச்சி எடுத்துக்கொண்டு போய்ப் பாலாடையில் புகட்டலாமே என்பார்கள். போகலாம். ஆனால் அறை வெப்பத்தில், அதாவது 25 பாகை அளவில், அது நான்கு மணி நேரம்தான் தாங்கும் என்று மருத்துவர்கள் வரையறுக்கிறார்கள். சித்திரை, வைகாசியில் திருச்சி வெயில் 40 பாகையைத் தொடும் ஊர். அங்கே பனிக்கட்டிப் பொதியிட்ட பெட்டி இல்லாமல் நடவாது. மேலும், குழந்தை நேரடியாகக் குடிக்காத நேரத்திலும் தாய்க்குப் பால் சுரந்துகொண்டுதான் இருக்கும். கொடுக்காமல் அடக்கினால் பால் கட்டிக்கொண்டு வலியும் காய்ச்சலும் வரும். அச்சமும் கூச்சமும் சேர்ந்தாலோ, பாலை இறக்கிவிடும் ஆக்சிடோசின் என்னும் இயக்குநீர் தடைப்படும். முறைத்துப் பார்க்கும் ஒருவர் குழந்தையின் பாலையே தடுக்கிறார் என்று சொன்னால் அது மிகையாகாது.

மூன்றாவது பதிலுக்கு வருவோம். 2015 ஆகஸ்டில் அன்றைய முதல்வர் ஜெயலலிதா, தமிழகப் பேருந்து நிலையங்களில் முந்நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட தாய்ப்பாலூட்டும் அறைகளைத் திறந்துவைத்தார். நல்ல காரியம், நாம் மனதாரப் பாராட்டுகிறோம். திருச்சி விமான நிலையத்தின் புதிய முனையம் 2024-இல் செயல்படத் தொடங்கியது. பஞ்சப்பூரில் புதிய பேருந்து முனையம் 2025-இல் பயன்பாட்டுக்கு வந்தது. இத்தகைய ஒவ்வொரு கட்டடத்திலும் பூட்டில்லாத, தூய்மையான, காற்றாடும் அறை இருந்தே தீர வேண்டும். ஆனால் அறை நிலையத்தில் நிற்கிறது. தாயோ பேருந்தில் போய்க்கொண்டிருக்கிறாள். இந்த எளிய உண்மையை மறந்துவிட்டு, அறை கட்டியாயிற்று, இனி வெளியில் கொடுக்காதே என்று சொல்லத் தொடங்கினால், வசதியாகத் தந்தது விலக்கிவைக்கும் மூலையாக மாறிவிடும். அறை தாயின் உரிமையாக இருக்கட்டும். அவள்மேல் இடப்பட்ட கட்டளையாக ஆக வேண்டாம்.

இதை நாம் மட்டும் சொல்லவில்லை. பொது இடங்களில் இத்தகைய வசதிகள் வேண்டும் என்ற வழக்கில் 2025 பிப்ரவரியில் தீர்ப்பளித்த உச்சநீதிமன்றம், மாநிலங்கள் அறைகளை ஏற்படுத்தச் சொன்னதோடு நிற்கவில்லை. பெண்களின் கண்ணியத்தைக் குலைக்கும் வழக்கங்களைக் கைவிடுவது அரசியலமைப்பின் 51அ(உ) பிரிவு விதிக்கும் குடிமக்களின் கடமை என்பதையும், பொது இடத்தில் பாலூட்டுவதை இழிவாகக் கருதலாகாது என்பதையும் சேர்த்தே நினைவூட்டியது. அறை பற்றிய பாதியைச் செய்தித்தாளில் படித்துவிட்டோம். கடமை பற்றிய பாதி நம் கண்ணில் படவே இல்லை.

பொது இடத்தில் பாலூட்டுவது நம் பண்பாடு அன்று என்பார் சிலர். எந்தப் பண்பாடு? மலைக்கோட்டையில் எழுந்தருளியிருக்கும் இறைவனுக்குத் தாயுமானவர் என்று பெயர். காவிரியில் வெள்ளம் வந்து, மகளின் பிரசவத்துக்குப் புறப்பட்ட தாய் அக்கரையில் நின்றுவிட, இறைவனே அந்தத் தாயின் உருவில் வந்து இரத்தினாவதிக்குப் பேறு பார்த்தான், வெள்ளம் வடியும்வரை பிள்ளையையும் பேணினான் என்பது தலபுராணம். சுகப்பிரசவம் வேண்டி இன்றும் அங்கே வாழைத்தார் சாத்துகிறார்கள். பயணத்தில் தடைபட்ட ஒரு தாய்க்காகக் கடவுளே பெண்ணுருக் கொண்ட ஊர் இது. காவிரிக்கு அக்கரையில் ஸ்ரீரங்கம். பெரியாழ்வார் தம்மை யசோதையாகப் பாவித்து, கண்ணனை முலையுண்ண வா என்று அழைக்கும் பதிகம் அவருடைய திருமொழியின் இரண்டாம் பத்தில் இருக்கிறது. ஆண் ஒருவர் பாடியது. ஆண்கள் கூடி, அரங்கன் முன்னால் வாய்விட்டு ஓதுவது. அங்கே எவரும் முகம் சுளிப்பதில்லை. பழம்பாடல்களில் தயக்கமின்றி நின்ற அந்தச் சொல்லை வசைச்சொல்லாக்கியவர்கள் நாம். பாசுரத்தில் பக்தியாக இருப்பது பல்லவன் விரைவு வண்டியில் எப்படி ஆபாசமாகும்?

ஊர்ப்புறத்துக் கூலிப்பெண்கள் இந்த அறிவுரைகளுக்காகக் காத்திருந்ததில்லை. வயல் வரப்பிலும் நகரப் பேருந்திலும் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு கொடுத்தார்கள், கொடுக்கிறார்கள். மறைவு வேண்டும் என்று நினைக்கும் தாயும் உண்டு. எல்லார் கையிலும் புகைப்படக் கருவியுள்ள கைப்பேசி இருக்கும் காலத்தில் அவள் அச்சம் நியாயமானதே. அப்போதும் ஒடுங்கிக்கொள்ள வேண்டியவன் படமெடுப்பவனேயன்றிப் பாலூட்டுபவள் அல்லள்.

என்ன செய்யலாம்? லக்னோ மெயிலில் 2022 மே மாதம் கீழ்ப்படுக்கையோடு இணைந்த குழந்தைப் படுக்கையை ரயில்வே சோதித்துப் பார்த்தது. அத்தகைய முயற்சிகள் நம் மலைக்கோட்டை விரைவு வண்டிக்கும் வரட்டும். கருவுற்ற பெண்களுக்கு உள்ள கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு கைக்குழந்தையுள்ள தாய்க்கும் வெளிப்படையாக விரியட்டும். தொலைதூரப் பேருந்தின் நடத்துநர், கைக்குழந்தையோடு ஏறும் பெண்ணுக்குச் சன்னலோர இருக்கையைக் கேட்காமலே மாற்றிக் கொடுக்கட்டும். குழந்தை வீறிட்டு அழுதால் இரண்டு நிமிடம் வண்டியை ஓரங்கட்டுவதால் சென்னை ஓடிப்போய்விடாது.

சகபயணிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அறை கட்டுவது அரசின் வேலை. பார்வையைத் திருப்பிக்கொண்டு, அறிவுரை சொல்லாமல் இருப்பது நம் வேலை. இரண்டாவதற்கு அரசாணையும் வேண்டாம், நிதி ஒதுக்கீடும் வேண்டாம்.