ஓடுகிற டிரைவரை ஏன் தூக்க வேண்டும்?

2021 ஆகஸ்ட் மாதம் லினக்ஸ் கெர்னல் 5.14 வெளிவந்தது. அதில் சேர்க்கப்பட்டதை விட நீக்கப்பட்ட ஒன்றுதான் பேச வேண்டிய விஷயம். பழைய ஐடிஈ வன்தட்டுகளுக்கான டிரைவர் தொகுப்பு முழுவதையும் தூக்கிவிட்டார்கள். ஏறத்தாழ 40 ஆயிரம் வரி நிரல்! இந்த வேலையை முன்னின்று செய்தவர் கிறிஸ்டோஃப் ஹெல்விக்.

இதைக் கேட்டதும் பலருக்கும் வரும் முதல் கேள்வி: "நன்றாக ஓடிக்கொண்டிருப்பதை ஏன் நோண்ட வேண்டும்?" நியாயமான கேள்விதான். அதுவும் தேனி மாவட்டத்தில் மயிலாடும்பாறை மாதிரி ஒரு ஊரிலிருந்து பார்த்தால் இன்னும் நியாயம். வருசநாட்டு மலையடிவாரத்தில் ஒரு கணினி கெட்டுப்போனால் ஆண்டிபட்டிக்கோ தேனிக்கோ பஸ் ஏற வேண்டும். அங்கே பழைய பெட்டி என்பது குப்பை அல்ல, கையில் இருக்கிற ஒரே பெட்டி.

முதலில் ஐடிஈ என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். 2005-க்கு முன்னால் வாங்கிய கணினியைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். மதர்போர்டிலிருந்து வன்தட்டுக்கு ஒரு சாம்பல் நிற அகலப்பட்டை கேபிள் போகும். 40 துளை உள்ள இணைப்பான். ஒரே கேபிளில் இரண்டு தட்டுகள் மாட்டலாம். ஒன்று மாஸ்டர், இன்னொன்று ஸ்லேவ். தட்டின் பின்னால் இருக்கும் குட்டி ஜம்பரை இடம் மாற்றி எது எது என்று சொல்ல வேண்டும். பிறகு மெல்லிய கேபிளோடு சாட்டா வந்து இதை ஓரங்கட்டிவிட்டது.

தமிழ்நாட்டுக்கும் இதற்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு. 2007 வாக்கில், சி.உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, எல்காட் நிறுவனம் சூசே லினக்ஸுக்கு மாறியது. அரசுப் பள்ளிகளுக்கும் லினக்ஸ் போட்ட கணினிகள் போயின. அதே ஆண்டில் சி-டாக் சென்னைப் பிரிவின் பாஸ் லினக்ஸும் வந்தது. ஐடிஈ போய் சாட்டா வந்துகொண்டிருந்த காலமும் அதுதான்.

சரி, கேள்விக்கு வருவோம். ஏன் தூக்கினார்கள்?

கணக்கியல் படித்தவர்களுக்கு இது எளிதில் புரியும். ஓர் இயந்திரம் முழுக்கத் தேய்மானம் ஆகி, ஏட்டில் அதன் மதிப்பு பூஜ்யம் ஆகிவிட்டது. ஆனால் அது நிற்கும் இடத்துக்கு வாடகை, துடைக்க ஆள், எண்ணெய் எல்லாம் மாதாமாதம் போய்க்கொண்டே இருக்கிறது. மென்பொருளிலும் அப்படித்தான். கெர்னலின் உள்ளமைப்பில் ஏதாவது மாற்றினால் பழைய டிரைவரையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். மாற்றியது சரியா என்று சோதிக்க அந்தப் பழைய வன்பொருள் வேண்டும். அதற்கு எங்கே போவது? ஃப்ளாப்பி டிரைவருக்கு இந்த நிலைதான் வந்தது. வேலை செய்யும் ஃப்ளாப்பி வன்பொருள் பராமரிப்பாளரிடமே இல்லை என்பதால் 2019-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் அதை 'அநாதை' என்று குறித்தார்.

யாரும் பார்க்காத நிரல் ஆபத்தும் கூட. 2015-ல் 'வெனம்' என்று ஒரு பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டது. அது கெர்னலில் அல்ல, க்யூஈஎம்யூ என்ற மெய்நிகர் கணினி மென்பொருளின் ஃப்ளாப்பி பகுதியில் இருந்தது. யாரும் ஃப்ளாப்பி பயன்படுத்தாத காலத்தில், பத்தாண்டுக்கு மேலாகத் தூங்கிக் கிடந்த ஓட்டை வழியாகப் பெரிய சர்வர்களுக்குள் நுழைய முடியும் என்று தெரிந்தது.

ஆகவே நீக்கியது சரி. ஆனால் நீக்கிய முறைதான் அதைவிட முக்கியம். பழைய டிரைவரைத் தூக்கினார்களே தவிர, ஐடிஈ தட்டைக் கைவிடவில்லை! ஜெஃப் கார்சிக் தொடங்கிய லிப்-ஏடிஏ என்ற புதிய தொகுப்பு முதலில் சாட்டாவுக்காக வந்தது. பிறகு ஆலன் காக்ஸ் போன்றவர்கள் பழைய ஐடிஈ சில்லுகளுக்கான டிரைவர்களையும் அதில் எழுதிச் சேர்த்தார்கள். பல ஆண்டுகள் இரண்டும் அருகருகே இருந்தன. அமிகா, அடாரி ஃபால்கன் போன்ற அரும்பொருள் கணினிகளுக்குக் கூட மாற்று டிரைவர் எழுதினார்கள். பழைய டிரைவர் ஏறும்போதே, "2021-ல் இது நீக்கப்படும், லிப்-ஏடிஏவுக்கு மாறுங்கள், விடுபட்ட வன்பொருள் இருந்தால் சொல்லுங்கள்" என்ற பொருளில் எச்சரிக்கையும் வைத்தார்கள். மாற்று, அறிவிப்பு, அவகாசம், அதன் பிறகே நீக்கம்.

வலியே இல்லை என்று சொல்ல முடியாது. பழைய டிரைவரில் எச்டிஏ என்றிருந்த தட்டின் பெயர் புதியதில் எஸ்டிஏ ஆனது. அமைப்புக் கோப்பில் பழைய பெயரை எழுதி வைத்திருந்தவர்களின் கணினி மேம்படுத்திய பிறகு துவங்க மறுத்தது. பெயருக்குப் பதில் யூயூஐடி எண்ணை எழுதும் வழக்கம் பரவ இதுவும் ஒரு காரணம்.

அப்படியானால் மயிலாடும்பாறையின் பழைய பெட்டிக்கு ஆபத்தே இல்லையா? இருக்கிறது, ஆனால் வேறு வாசல் வழியாக. பென்டியம் 4 காலத்துக் கணினிகளில் பெரும்பாலானவை 32 பிட். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-ல் 32 பிட் பிசிக்களுக்கான நிறுவியும் இல்லை, கெர்னலும் இல்லை. தட்டைப் படிக்க டிரைவர் இருக்கிறது, ஆனால் அந்தப் பெட்டியில் போட டெபியன் 13 இல்லை! இங்கே ஐடிஈக்குக் கிடைத்தது போன்ற மாற்று கிடையாது. புதுப் பெட்டி வாங்கு என்பதுதான் மாற்று. கெர்னல்காரர்கள் காட்டிய பொறுமையை வழங்கல்காரர்களும் காட்ட வேண்டும் என்று கேட்கலாம்தான். ஆனால் அங்கே சம்பளமில்லாமல் உழைக்கும் தன்னார்வலர்கள்தானே அதிகம்? பழசு வேண்டும் என்பவர்களில் சிலராவது பராமரிக்க முன்வராமல் வெறுமனே கோபப்படுவதில் பொருளில்லை.

அதுவரை செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. பழைய ஐடிஈ தட்டுகளில் ரசீதுகள், பள்ளி ஆவணங்கள், கல்யாணப் படங்கள் தூங்குகின்றன. யூஎஸ்பி-ஐடிஈ அடாப்டர் ஒன்று இருந்தால் இன்றைய கணினியிலேயே அவற்றைப் படித்துவிடலாம். டிரைவர் போனால் யாராவது திரும்ப எழுதலாம். தட்டு கெட்டால் உள்ளே இருந்தது திரும்ப வராது. தட்டு சுழலும்போதே நகலெடுத்து விடுவது நல்லது.