சிஷ்யையின் ஒரு நாள்

சென்ற வாரம் ஒரு மாலை, மந்தைவெளியில் எங்கள் வீட்டு மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. எதிர் வீட்டு டீச்சரம்மா. கையில் கிண்ணம் இல்லை. ஆகவே உறை மோருக்கு வரவில்லை என்று தெரிந்தது. முகத்தைப் பார்த்ததும் பேசாமல் காப்பிக்குப் பாலை அடுப்பில் ஏற்றினேன்.

"ஏம்மா, நீ பத்திரிகைக்காரிதானே? ஊரெல்லாம் சுற்றிப் பார்த்து எழுதுகிறாய். அடையாற்றில் ஒரு வீட்டுக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்து எனக்குச் சொல்லேன்" என்றார்.

டீச்சரம்மாவுக்குப் பூர்வீகம் நாசரேத். கலிலேயா நாசரேத் அல்ல. நம் தூத்துக்குடி ஜில்லா நாசரேத்! முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். ஒரே பெண், இருபத்து நாலு வயசு, ஆடிட்டர் ஆபீஸில் நல்ல வேலை. பாளையங்கோட்டையிலிருந்து ஒரு வரன் வேறு வந்திருந்தது. இந்தச் சமயத்தில் அந்தப் பெண் வேலையை விட்டுவிட்டு, "சீஷத்துவப் பயிற்சி" என்று ஆறு மாசப் படிப்பு ஒன்றில் சேர்ந்து, பெட்டி படுக்கையுடன் அடையாற்றுக்குப் போய்விட்டாள்.

"நானும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவள்தான். ஜெபம் பண்ணுவதற்குப் பணம் கட்டிக் குடியிருக்க வேண்டுமா? போன் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தானாம். கேட்டால், 'நன்றாக இருக்கிறேன், அம்மா' என்கிறாள். நன்றாக இருக்கிற பெண் வாரம் ஏழு நாளும் ஒரே மாதிரியா அதைச் சொல்லும்?"

பெண்ணைப் பெற்ற நேயர்களுக்கு இந்தக் கேள்வியின் கனம் தெரியும். மறு வாரம் வியாழக்கிழமை இரவு, அந்த வீட்டாரிடம் அனுமதி பெற்று, ஒரு தலையணையுடன் நான் அடையாற்றுக்குப் புறப்பட்டேன்.

போகிற வழியில் ஒரு வார்த்தை. சிஷ்யன் என்ற சொல்தான் பிராட்டஸ்டண்டு வேதாகமத்தில் 'சீஷன்' என்று வரும். கத்தோலிக்கர் 'சீடர்' என்பார்கள். குருவோடு கூடவே இருந்து, அவர் நடப்பதைப் பார்த்து நடக்கக் கற்றுக் கொள்பவன் என்று பொருள். அப்படிப் பார்த்தால், நம் மயிலாப்பூருக்கு வந்த முதல் சீஷரே புனித தோமையார்தான். கி. பி. 52-ல் மலையாளக் கரையில் இறங்கி, 72-ல் இங்கே உயிர் நீத்தார் என்பது மரபு. அவர் கல்லறை மேல்தான் சாந்தோம் தேவாலயம் நிற்கிறது. இப்போதைய கட்டடம் 1896-ல் எழுந்தது. பன்னிரண்டு பேரில், "கண்ணால் பார்த்தால்தான் நம்புவேன்" என்று சொன்னவர் அவர். அதற்காக அவரை யாரும் வகுப்பை விட்டு வெளியேற்றவில்லை!

இந்த ஆறு மாசப் படிப்புக்கு இன்றைய அச்சை உலகெங்கும் பரப்பியது 'யூத் வித் எ மிஷன்' என்ற இயக்கம். 1960-ல் லோரன் கன்னிங்ஹாம் என்ற அமெரிக்கர் தொடங்கியது. சுமார் மூன்று மாசம் வகுப்பு. அப்புறம் இரண்டு மூன்று மாசம் வெளியூரில் ஊழியம். மாணவர்கள் செலவைத் தாங்களே கட்ட வேண்டும். அங்கே பணி செய்பவர்களுக்கும் சம்பளம் கிடையாது. அதே அச்சில் வெவ்வேறு சபைகளும் குழுக்களும் இப்போது படிப்பு நடத்துகின்றன. நான் போனது அப்படிப்பட்ட ஒரு சிறு குழுவின் வீட்டுக்கு. பெயர் வேண்டாமே.

திரு. வி. க. பாலத்தைத் தாண்டினால் இடப் பக்கம் பிரம்மஞான சபையின் தோப்பு. 1909-ல் அங்கே கடற்கரையில் லெட்பீட்டர் ஒரு சிறுவனைக் கண்டு, உலக குருவாகப் போகிறவன் என்றார். அன்னி பெசண்ட் அம்மையார் அவனைத் தம் பிள்ளையாகவே வளர்த்தார். அவனுக்காக ஒரு சங்கமே அமைத்தார்கள். 1929-ல் அந்த ஜே. கிருஷ்ணமூர்த்தி, "எனக்குச் சீடர்கள் வேண்டாம்" என்று சங்கத்தையே கலைத்துவிட்டார். அடையாறு சீடர்களையும் பார்த்திருக்கிறது. "மாட்டேன்" என்றவர்களையும் பார்த்திருக்கிறது.

காலை 5-30க்கு மணி அடித்தது. பதினோரு பெண்கள், இரண்டு குளியலறை. நாகர்கோவில், வேலூர், விஜயவாடா, மிஜோரம் என்று பல ஊர்க்காரிகள். வாளியும் கையுமாக வரிசையில் நிற்பதுதான் முதல் பாடம் என்று தோன்றியது. ஆறரைக்கு ஆளுக்கொரு வேதாகமமும் நோட்டுப் புத்தகமுமாக மாடிக்குப் போனார்கள். இதற்கு 'அமைதி வேளை' என்று பெயர். ஒரு மணி நேரம் யாரும் யாருடனும் பேசக் கூடாது. தென்னை ஓலைச் சலசலப்பும், தெருவில் கீரைக்காரியின் குரலும் தவிர வேறு சத்தமில்லை. நம் வீடுகளில் ஒரு பெண்ணுக்கு விடிகாலையில் அப்படி ஒரு மணி நேரம் யார் கொடுக்கிறார்கள்? எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

பிறகு பாட்டு, ஜெபம், இட்டிலி. ஒன்பதிலிருந்து பன்னிரண்டரை வரை வகுப்பு. வாரத்துக்கு ஒரு பொருள்: கடவுளின் குணம், மன்னிப்பு, குடும்பம், பணம் என்று. பரீட்சை கிடையாது, ஆனால் வாரம் ஒரு வசனம் மனப்பாடம். புதன்கிழமை மத்தியானம் உபவாசம். சுவரில் உலகப் படத்தை மாட்டி, ஒரு தேசத்தைத் தேர்ந்து, அதற்காக ஜெபம். பிற்பகல் வேலை நேரம்: பெருக்குவது, துடைப்பது, காய் நறுக்குவது, பாத்திரம் தேய்ப்பது. மாலை ஏழிலிருந்து எட்டு வரை போன். பத்து மணிக்கு விளக்கணைப்பு.

நம் பெண்ணுக்கு அந்த வாரம் பாத்திரம். கூடத் தேய்க்கிறவள் வேலூர்ப் பெண். இருவருக்கும் ஆகாது என்று பார்த்தவுடன் தெரிந்தது. இவள் தேய்த்து வைக்கிறாள். அவள் "எண்ணெய்ப் பிசுக்கு" என்று திருப்பிப் போடுகிறாள்.

"கோபம் வராதா?" என்று தனியாகக் கேட்டேன்.

"வரும், அக்கா. வீடாக இருந்தால் அறைக் கதவைச் சாத்திக் கொள்வேன். ஆபீஸாக இருந்தால் லீவு போடுவேன். இங்கே எங்கே ஓடுவது? நாளைக்கும் அதே தொட்டி, அதே பெண்!" என்று சிரித்தாள். "மன்னிப்பைப் பற்றி ஒரு வாரம் வகுப்பு நடந்தது. எனக்குப் புரிந்ததென்னவோ இந்தத் தொட்டியில்தான்."

இது புதிதல்ல, நேயர்களே. 1921-ல் திருப்பத்தூரில் இரண்டு டாக்டர்கள் 'கிறிஸ்துகுல ஆசிரமம்' தொடங்கினார்கள். ஒருவர் நம் சவரிராயன் ஏசுதாசன். மற்றவர் ஸ்காட்லாந்துக்காரர் எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டன். ஊரார் அவர்களைப் பெரியண்ணன், சின்னண்ணன் என்றே அழைத்தார்கள். கல்யாணம் இல்லை, சம்பளம் இல்லை. கதர் உடை, எளிய சாப்பாடு, ஏழைகளுக்கு ஆஸ்பத்திரி. அவர்கள் கட்டிய ஜெபாலயம் நம் கோபுரங்களைப் போலவே இருக்கும். 1932-ல் சென்னைக்கு வந்த சின்னண்ணன், அந்நியத் துணிக் கடை மறியலை வேடிக்கை பார்த்து நின்றபோது, கதர் கட்டிய வெள்ளைக்காரரான அவரைப் போலீஸார் அடித்தார்கள். விஷயம் லண்டன் பார்லிமெண்ட் வரை போயிற்று. வெள்ளைக்காரர் ஒருவர் நம் தேசத்துப் பிள்ளையாகவே ஆகிப் போனார் என்றால், கூடி வாழ்ந்த வாழ்க்கையும் அதற்கு ஒரு காரணம் அல்லவா?

ஆனால் டீச்சரம்மாவின் கவலை தொட்டியைப் பற்றியது அல்ல. அதற்கும் வருகிறேன்.

பாத்திரத்தைக் கவிழ்த்துக் கொண்டே அவள் சொன்னாள்: "போன மாசம் பாடம் எடுக்க வந்த ஒருவர் என்னைக் கூப்பிட்டு, 'இன்னும் ஒரு வருஷம் நீ இங்கேயே ஊழியம் செய்ய வேண்டும் என்று ஆண்டவர் எனக்குச் சொன்னார்' என்றார்."

எனக்குத் திக்கென்றது. ஒரு பெரியவர், எல்லார் எதிரிலும், கடவுள் பெயரால் ஒன்று சொல்லிவிட்டால், இருபத்து நாலு வயசுப் பெண் என்ன பதில் சொல்ல முடியும்?

"நீ என்ன சொன்னாய்?"

"உங்களுக்குச் சொன்ன ஆண்டவர் எனக்கும் சொல்லட்டும், காத்திருக்கிறேன் என்றேன்."

தோமையார் ஊர்ப் பெண் அல்லவா!

அன்று வெள்ளிக்கிழமை, டயரி கொடுக்கும் நாள். வாரம் முழுவதும் மனசில் பட்டதை எழுதி, பொறுப்பில் இருக்கிற அக்காவிடம் கொடுக்க வேண்டும். அவர் முன்னாள் நர்ஸ், நாற்பது வயசிருக்கும். நம் பெண் டயரியை நீட்டி, "அக்கா, நாலு பக்கத்தை மடித்துப் பின் குத்தியிருக்கிறேன். அது எனக்கும் ஆண்டவருக்கும்" என்றாள். அறை நிசப்தமாயிற்று. அக்காவின் முகத்தில் ஏதோ வந்து போயிற்று. பிறகு, "சரி, பின் கழன்று விடாமல் பார்த்துக் கொள்" என்று சொல்லி வாங்கி வைத்துக் கொண்டார்.

இரவு அவரிடம் கேட்டேன்: "வருத்தமா?"

"கொஞ்சம் வருத்தந்தான். அந்த நாலு பக்கமும் என்னைப் பற்றித்தானோ என்று தோன்றிற்று" என்று சிரித்தார். "ஆனால் எனக்குப் பிடிக்கிற மாதிரி டயரி எழுதுகிற பெண்ணைவிட, பின் குத்துகிற பெண் மேல். அவளுக்கு ஆபத்து குறைவு."

எவ்வளவு பழைய ஞானம் இது! கன்னியாஸ்திரீகளாகப் போகிறவர்களுக்கு நவசந்நியாசப் பயிற்சி குறைந்தது 12 மாசம். 1983-ல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் இரண்டு விதிகள் இருக்கின்றன. பயிற்சியில் இருப்பவர் விரும்பினால் எப்போது வேண்டுமானாலும் விலகிப் போகலாம் என்பது ஒன்று. மடத்துத் தலைவர்கள் யாரையும் மனச்சாட்சியைத் திறந்து காட்டும்படி எவ்விதத்திலும் தூண்டக் கூடாது என்பது மற்றொன்று. தானாகச் சொன்னால் கேட்கலாம். கேட்டு வாங்கக் கூடாது. நூற்றாண்டுகளாக மடங்களை நடத்தியவர்கள், எங்கே தப்பு நேரும் என்று அறிந்து போட்ட வேலி அது.

உங்கள் வீட்டுப் பெண்ணோ பிள்ளையோ இப்படி ஓரிடத்துக்குப் போவதாகச் சொன்னால், அது ஜெப வீடோ, யோகாசிரமமோ, வேதபாடசாலையோ எதுவானாலும், அழுது தடுக்காதீர்கள். ஒரு நாள் போய்ப் பாருங்கள். நாலே விஷயம் கவனியுங்கள். நடுவில் விலகினால், கட்டிய பணத்தில் மீதியைக் கொடுத்து முகம் கோணாமல் அனுப்புவார்களா? வீட்டாருடன் யாரும் பக்கத்தில் நிற்காமல் பேச விடுகிறார்களா? பணத்துக்கு ரசீதும் கணக்கும் உண்டா? கல்யாணம், வேலை, சொத்து இவற்றில் முடிவு அவளுடையதா, வேறு யாருடையதோவா? நாலுக்கும் பதில் சரியாக இருந்தால், ஆறு மாசம் சீக்கிரம் ஓடிவிடும். ஒன்று சரியில்லை என்றாலும், மறுபடி போய்ப் பாருங்கள், அடிக்கடி போங்கள்.

சனிக்கிழமை டீச்சரம்மாவிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். ரசீதைப் பார்த்தேன், போன் நேரத்தில் அவள் மாடிக்குத் தனியாகப் போனதைப் பார்த்தேன், போன மாசம் ஊருக்குத் திரும்பிவிட்ட ஒரு பெண்ணைப் பற்றி மற்றவர்கள் அன்பாகவே பேசினார்கள் என்றும் சொன்னேன். ஒரு வருஷ ஊழியத்துக்கு அவள் சொன்ன பதிலைக் கேட்டதும் டீச்சரம்மாவுக்கு முகம் மலர்ந்தது.

"அப்படியா சொன்னாள்? என் பெண்ணாயிற்றே!"

சொல்லாமல் விடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். சொல்லிவிட்டேன். "டீச்சர், பாளையங்கோட்டை வரனுக்கும் அதே பதில்தானாம். அம்மாவுக்குச் சொன்ன ஆண்டவர் எனக்கும் சொல்லட்டும் என்கிறாள்."

மலர்ந்த முகம் அப்படியே நின்றது. ஜன்னல் வழியாகக் கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்துக் கொண்டிருந்தார். பெண்ணுக்கு "மாட்டேன்" என்று சொல்லத் தெரிய வேண்டும் என்று நாம் ஆசைப்படுகிறோம். முதலில் அதை நம்மிடமே சொல்லிப் பார்ப்பாள் என்பதுதான் நமக்கு மறந்து போகிறது.

காப்பி ஆறியிருந்தது. ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தார். வாசற்படியில் நின்று திரும்பினார்.

"அந்த வேலூர்ப் பெண், தொட்டியில் சண்டை போடுகிறவள், முறுக்கு சாப்பிடுவாளாம்மா? அவளுக்கும் சேர்த்துப் பிழியலாம் என்று பார்க்கிறேன்."