'இஸ்கூல்' என்று சொன்னால் என்ன குறைந்து போயிற்று?

பதிவு கொஞ்சம் நீளம். சாயங்காலம் காபி குடித்துக்கொண்டே நிதானமாகப் படியுங்கள். சிலருக்குக் கோபம் வரலாம். வரட்டும், பரவாயில்லை.

போன வாரம் நம் குடும்பக் குழுவிலும் பழைய மாணவர் குழுவிலும் ஒரே வீடியோ வந்தது. ஓர் ஊராட்சித் தலைவர், வெளிநாட்டு விருந்தினர்களிடம் தம் ஊர்க் குளத்தைத் தூர்வாரிய கதையை ஆங்கிலத்தில் சொல்கிறார். 'இஸ்கூல்' என்கிறார், 'வோன்லி' என்கிறார், 'யெலக்சன்' என்கிறார். அதற்குக் கீழே எத்தனை சிரிப்புப் பொம்மைகள்! விருந்தினர்கள் தலையாட்டிக் கேட்டார்கள். எவ்வளவு செலவானது, தண்ணீர் எத்தனை மாதம் நிற்கும் என்று திருப்பிக் கேள்வியும் கேட்டார்கள். அவர் பதில் சொன்னார். அங்கே புரியாமல் நின்றவர் ஒருவரும் இல்லை. சிரித்தவர்கள் எல்லாம் நம் ஆட்கள்தான்.

அரசுப் பள்ளியில் 32 வருடம் ஆங்கிலம் எடுத்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். அந்த மனிதர் பேசியது அரைகுறை ஆங்கிலம் இல்லை. தமிழ் வாயில் இருந்து வரும் ஆங்கிலம். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் சிரித்தவர்களுக்குத்தான் இந்தப் பாடம்.

முதலில் அந்த 'இஸ்கூல்'. தமிழில் எந்தச் சொல்லும் புள்ளி வைத்த மெய்யெழுத்தில் தொடங்காது. இது தொல்காப்பியத்திலேயே இருக்கிற விதி. ர, ல போன்ற எழுத்துகளும் சொல்லுக்கு முதலில் வராது. அதனால்தான் ராமன் 'இராமன்' ஆனான், லட்சுமணன் 'இலக்குவன்' ஆனான். வடசொல்லை எடுத்தால் நம் எழுத்துக்கு ஏற்றபடி மாற்றிக்கொள் என்று தொல்காப்பியர் வழியே காட்டியிருக்கிறார். கம்பன் இலக்குவன் என்று எழுதினால் மேடையில் கை தட்டுகிறோம். அதே விதிப்படி நம் ஊர்க்காரர் 'இஸ்டேஷன்' என்றால் கேலி செய்கிறோம். இது என்ன நியாயம்?

தமிழன் மட்டும் இப்படிச் செய்யவில்லை. லத்தீனில் 'ஸ்கோலா' என்று இருந்த சொல், ஸ்பெயின்காரர் வாயில் 'எஸ்குவேலா' ஆனது. பிரெஞ்சுக்காரர் 'எஸ்கோல்' என்று ஆக்கி, பிறகு 'எகோல்' என்று தேய்த்தார்கள். முன்னால் ஓர் உயிரெழுத்தை வைத்தால் அவர்கள் நாக்குக்கும் சுலபமாக இருந்தது. அதை ஆங்கிலேயரும் கடன் வாங்கியிருக்கிறார்கள். 'ஸ்டேட்' என்ற சொல்லும் 'எஸ்டேட்' என்ற சொல்லும் ஒரே லத்தீன் வேரில் இருந்து வந்தவை. அந்த 'எஸ்டேட்'டில் முன்னால் நிற்கும் 'எ' எங்கிருந்து வந்தது? நம் 'இஸ்டேஷன்' இகரம் வந்த அதே வழியில்தான். வால்பாறையில் எஸ்டேட் வாங்கினால் கௌரவம், இஸ்டேஷனில் ரயில் ஏறினால் கேவலமா?

அடுத்தது 'வோன்லி'. தமிழில் ஒகரத்தில் தொடங்கும் சொல்லைப் பேசும்போது லேசாக ஒரு வகரம் வந்து ஒட்டிக்கொள்ளும். ஒன்று என்பதை 'வொண்ணு' என்கிறோம். எகரத்துக்கு முன்னால் யகரம் வரும், எட்டு 'யெட்டு' ஆகும். அதே பழக்கத்தில் 'யெலக்சன்', 'யெம்.எல்.ஏ.' எல்லாம் வருகின்றன.

இப்போது ஒரு கேள்வி. ஆங்கிலத்தில் 1 என்ற எண்ணுக்கு 'ஓ' எழுத்தைப் போட்டு எழுதிவிட்டு 'வன்' என்று ஏன் படிக்கிறோம்? அந்த வகரம் எழுத்தில் எங்கே இருக்கிறது? இங்கிலாந்தின் மேற்கு, தென்மேற்குப் பகுதி மக்கள் பேச்சில் முளைத்த வகரம் அது. முதலில் வட்டார வழக்காக இருந்து, பிறகு நாடு முழுக்கப் பரவி, இன்று அதுவே சரியான உச்சரிப்பு. அதே வேரில் வந்த 'ஒன்லி', 'அலோன்' இரண்டும் பழைய ஒலியிலேயே நின்றுவிட்டன. இங்கிலாந்துக் கிராமத்தான் சேர்த்த வகரத்தைத் தினமும் சொல்லிக்கொண்டு, நம் கிராமத்தான் சேர்க்கும் வகரத்துக்குச் சிரிக்கிறோம்.

'பஸ்ஸு', 'பேங்கு', 'கேட்டு' என்று கடைசியில் உகரம் சேர்ப்பதும் இப்படித்தான். வல்லின மெய்யில் தமிழ்ச்சொல் முடியாது. ஒரு குற்றியலுகரம் வந்து தாங்கிக்கொள்ளும். ஜப்பான்காரரும் பஸ்ஸை 'பஸு' என்றும், பீரை 'பீரு' என்றும்தான் சொல்கிறார். அவர் செய்த காரை வாங்கி வாசலில் நிறுத்துகிறோம், அவர் உச்சரிப்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 'ஃபில்ம்' என்பதைத் தமிழர் நடுவில் இகரம் சேர்த்து 'பிலிம்' என்கிறோம். அயர்லாந்துக்காரரும் நடுவில் ஓர் உயிரைச் சேர்த்து 'ஃபில்லம்' என்கிறார். அவருக்கு ஆங்கிலம் தாய்மொழி.

விவசாயிகள் வாயில் 'பம்ப்' என்ற சொல்லின் கடைசி எழுத்து 'பம்பரம்' என்பதில் வரும் பகரம் மாதிரி மெலிந்து ஒலிக்கும். மெல்லினத்துக்குப் பின்னால் வரும் வல்லினம் அப்படித்தான் ஒலிக்கும். 'டேங்கு' என்பதும் அதே கதை. பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர்கூட இந்த விதியைப் பிசகாமல் கடைப்பிடிக்கிறார். தாய்மொழி இலக்கணம் அவர் நாக்கில் அத்தனை உறுதியாக உட்கார்ந்திருக்கிறது. இதைப் படிக்காதவரின் பிழை என்று சொல்கிறவருக்குத்தான் தமிழ் இலக்கணம் தெரியவில்லை.

"அப்படியானால் சரியான உச்சரிப்பு என்று ஒன்று கிடையாதா சார்?" என்று கேட்பீர்கள். எந்த ஊருடையது சரி என்று முதலில் சொல்லுங்கள். 'கார்' என்பதன் கடைசி ரகரத்தை லண்டன் பக்கத்துப் படித்தவர்கள் விட்டுவிடுவார்கள். அங்கே அதுதான் மேல்தட்டுப் பேச்சு. ஸ்காட்லாந்துக்காரர் அதை அழுத்திச் சொல்வார். நியூயார்க்கில் வில்லியம் லபோவ் என்ற மொழியியலாளர் 1962-இல் பெரிய கடைகளுக்குப் போய் விற்பனையாளர்களின் ரகரத்தைக் காது கொடுத்துக் கேட்டார். விலை உயர்ந்த கடையில் ரகரம் அதிகம் ஒலித்தது, மலிவான கடையில் மிகவும் குறைந்தது. அதாவது லண்டனில் எதை விட்டால் மதிப்போ, நியூயார்க்கில் அதைச் சொன்னால்தான் மதிப்பு. ஒலி ஒன்றுதான். மதிப்பும் அவமதிப்பும் அதைப் பேசுகிறவரின் பணத்தையும் படிப்பையும் பார்த்து வருகின்றன.

இங்கிலாந்திலேயே இந்தக் கூத்து நடந்திருக்கிறது. பி.பி.சி. வானொலி 1926-இல் உச்சரிப்புக்கென்று ஓர் ஆலோசனைக் குழு வைத்தது. அறிவிப்பாளர்கள் எல்லோரும் ஒரே மேல்தட்டுக் குரலில் படித்தார்கள். 1941-இல், போர் நடக்கும் காலத்தில், யார்க்‌ஷயர்க்காரரான வில்ஃப்ரட் பிக்கில்ஸைத் தேசியச் செய்தி படிக்க வைத்தார்கள். தம் ஊர்ப் பேச்சு வாசனையோடு அவர் படித்ததும் பலர் முகம் சுளித்தார்கள், புகார்கள் வந்தன. அவர் ஆங்கிலேயர், படித்தது ஆங்கிலம். ஆனாலும் ஊர் வாசனை ஆகவில்லை. இன்றைக்கு அதே வானொலியில் எல்லா வட்டாரக் குரலும் கேட்கிறது. அவர்கள் விட்டுவிட்ட வியாதியை நாம் காசு கொடுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

வெள்ளைக்காரர் நம் பெயர்களை என்ன பாடு படுத்தினார்? திருச்சிராப்பள்ளி 'ட்ரிச்சினாப்பொலி' ஆனது. தூத்துக்குடி 'டூட்டிகோரின்', எழும்பூர் 'எக்மோர்', திருவல்லிக்கேணி 'ட்ரிப்ளிகேன்'. கட்டுமரம் 'கேட்டமரான்' ஆயிற்று, சுருட்டு 'ஷெரூட்' ஆயிற்று, மிளகுத் தண்ணீர் 'மல்லிகட்டானி' ஆயிற்று. யாராவது அவரை உட்கார வைத்துத் திருத்தினோமா? அவர் வாய்க்கு அப்படித்தான் வரும் என்று விட்டுவிட்டோம். இன்றும் வெளிநாட்டுத் தலைவர் யாராவது மேடையில் 'வனக்கம்' என்று சொன்னால் விசில் பறக்கிறது. வெளிநாட்டில் வளரும் நம் பேரப்பிள்ளைகள் 'தமில்' என்றால் 'எவ்வளவு மழலை' என்று கொஞ்சுகிறோம். நான் அதைக் குறை சொல்லவில்லை. அந்தக் கருணையில் பாதியை ஊராட்சித் தலைவருக்கும் காட்டுங்கள் என்கிறேன்.

இதெல்லாம் வெறும் கேலிதானே, ஏன் இவ்வளவு கோபம் என்று நினைக்காதீர்கள். என்னிடம் படித்த ஒரு பெண், அப்பா அம்மா இருவரும் பீடி சுற்றிப் படிக்க வைத்தவள், கல்லூரியில் நல்ல மதிப்பெண் வாங்கி வேலைக்கு நேர்காணல் போனாள். எழுத்துத் தேர்வில் தேறினாள். கேட்ட கேள்விக்கெல்லாம் ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். கடைசியில் 'எம்.டி.ஐ. இருக்கிறது' என்று அனுப்பிவிட்டார்கள். ஏதோ வைட்டமின் குறைவு போல இருக்கிறது என்று நானும் விசாரித்தேன். மதர் டங் இன்ஃப்ளுயன்ஸ் என்றார்கள். தாய்மொழியின் சாயல்! பெற்ற தாயின் பேச்சு வாயில் தெரிவதற்கு நோய் மாதிரி ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். அவள் பார்க்கப் போன வேலை கணக்கு சரிபார்க்கும் வேலை. தொலைபேசியில் பேசுகிற வேலைகூட இல்லை. இதைச் செய்தவர் எந்த வெள்ளைக்காரரும் இல்லை. எதிரே உட்கார்ந்திருந்தவர் நம் ஊர்க்காரர்.

அதற்குப் பிறகு ஆறு மாதம் அந்தப் பெண் வாயைத் திறந்து ஆங்கிலம் பேசவில்லை. கேலியின் வேலை இதுதான். உச்சரிப்பு அதனால் திருந்துவதில்லை, பேச்சு நின்றுபோகிறது. பேச்சு நின்றவர்களுக்குப் பதில் பேச, நகரத்தில் பெரிய பள்ளியில் படித்தவர்கள் வந்துவிடுகிறார்கள்.

எதையும் திருத்த வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பொருள் மாறுகிற இடத்தில் கண்டிப்பாகத் திருத்த வேண்டும். ககரத்துக்கு நமக்கு ஓர் எழுத்துதான். அதனால் 'கோட்' என்றால் சட்டையா ஆடா என்று கேட்பவர் குழம்புவார். 'ஷிப்' என்பதை நீட்டினால் கப்பல் செம்மறியாடு ஆகிவிடும். சொல்லின் எந்த அசையை அழுத்த வேண்டும் என்பதும் முக்கியம், அது மாறினால் பல நேரம் சொல்லே புரியாது. இவற்றை வகுப்பில் பொறுமையாகச் சொல்லித் தரலாம். என் பிள்ளைகளுக்கு அதைத்தான் செய்தேன். ஆனால் 'இஸ்கூல்' என்றால் யாருக்கும் பொருள் மாறுவதில்லை. அதைத் திருத்துவதற்குச் செலவழிக்கிற நேரத்தில் இரண்டு நல்ல வாக்கியம் பேசக் கற்றுக்கொடுக்கலாம்.

மாணவர்களிடம் எனக்குச் சில கேட்புகள் உண்டு. உங்களில் பலர் இன்று நேர்காணல் நடத்தும் நாற்காலியில் இருக்கிறீர்கள். எதிரே இருப்பவர் சொன்னது புரிந்ததா என்று மட்டும் உங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். புரிந்தால் உச்சரிப்புக்கு மதிப்பெண் குறைக்காதீர்கள். ஆசிரியராக இருப்பவர்கள், வகுப்பில் ஒரு பிள்ளை 'இஸ்டூல்' என்றதும் மற்றவர்கள் சிரித்தால், அந்தச் சிரிப்பைத்தான் முதலில் திருத்துங்கள். சொந்தக்காரர்களே, கான்வென்டில் படிக்கும் பேத்தி ஆச்சியின் ஆங்கிலத்தைக் கேட்டுச் சிரித்தால், 'சுட்டி' என்று ரசிக்காதீர்கள். எஸ்டேட் கதையை அவளுக்குச் சொல்லுங்கள்.

அந்த வீடியோவை அனுப்பியவர்கள் குழுவில் இருந்து எடுத்துவிட்டால் சந்தோஷப்படுவேன். எடுக்க மனமில்லை என்றால், குளம் தூர்வாரியது எப்படி என்பதையாவது ஒருமுறை முழுதாகக் கேளுங்கள். நம் ஊர்க் குளமும் தூர்ந்துபோய்த்தான் கிடக்கிறது.