குரல்வளைக் கட்டிக்குக் கத்தி மட்டும் போதாது

ஹெச்.பி.வி. தடுப்பூசி என்றாலே கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்தான் நினைவுக்கு வருகிறது. அந்த வைரஸின் 6, 11 ஆகிய வகைகள் குழந்தைகளின் குரல்வளையில் கொத்துக் கொத்தாகக் கட்டிகளை வளரவிட்டு மூச்சை அடைப்பது பலருக்குத் தெரியாது. இந்த நோய்க்கான சிகிச்சையில் தடுப்பூசிக்கும் உரிய இடம் தர வேண்டும்.

தாயிடமிருந்து பெரும்பாலும் பிரசவத்தின்போது இந்தத் தொற்று குழந்தைக்கு வருகிறது. முதலில் குரல் கம்முகிறது, பிறகு மூச்சு வாங்குகிறது. ஆஸ்துமா என்று தவறாகக் கருதப்பட்டு நாள் கடத்தப்படும் குழந்தைகளும் உண்டு. பெரியவர்களையும் இந்நோய் தாக்குகிறது. கட்டி பெரும்பாலும் புற்றாக மாறுவதில்லை. ஆனால், அகற்ற அகற்ற முளைக்கிறது. கட்டியைச் சுற்றி நலமாகத் தெரியும் சவ்விலும் வைரஸ் தங்கியிருப்பதே காரணம். சில குழந்தைகளுக்குப் பல பத்து முறை அறுவை சிகிச்சை தேவைப்படுகிறது. ஒவ்வொரு முறையும் முழு மயக்கம் கொடுத்தாக வேண்டும். குரல்நாண்களில் தழும்பேறிக் குரல் நிரந்தரமாகக் கெடலாம். சிலருக்குக் கழுத்தில் துளையிட்டுக் குழாய் பொருத்த நேர்கிறது. நுரையீரலுக்குப் பரவினால் உயிருக்கே ஆபத்து.

தடுப்பூசி அறுவை சிகிச்சைக்கு மாற்றல்ல. இருக்கும் கட்டியை அது கரைத்துவிடாது. அகற்றிய பிறகு எஞ்சும் வைரஸ் புதிய செல்களைத் தொற்றாமல், ஊசியால் உருவாகும் எதிர்ப்பொருள்கள் தடுக்கக்கூடும் என்பதே இதன் அடிப்படை. பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், ஊசி போட்ட பிறகு அறுவை சிகிச்சைகள் குறைந்ததும் அவற்றுக்கிடையிலான இடைவெளி நீண்டதும் தெரிந்தன.

இவை சிறிய ஆய்வுகள், பலவற்றில் ஒப்பீட்டுக் குழுவே இல்லை, எல்லா நோயாளிகளுக்கும் பலன் கிடைக்கவில்லை என்ற ஆட்சேபம் நியாயமானது. ஆனால், அரிய நோய்களில் பெரிய ஆய்வுகள் எளிதில் அமைவதில்லை. இந்தத் தடுப்பூசியோ 2006 முதல் கோடிக்கணக்கானோருக்குப் போடப்பட்டுப் பாதுகாப்பானது என்று நிரூபணமானது. ஓர் அறுவை சிகிச்சை குறைந்தாலும் அது அந்தக் குழந்தைக்குப் பெரும் நன்மை. முழுச் சான்று வரும்வரை கைகட்டி நிற்பது அறமாகாது.

நோய் வராமல் தடுப்பதிலோ ஐயத்துக்கு இடமே இல்லை. 2007இல் சிறுமிகளுக்குத் தேசியத் திட்டமாக இந்த ஊசியைத் தொடங்கிய ஆஸ்திரேலியாவில், 2012இல் லட்சம் குழந்தைகளுக்கு 0.16 ஆக இருந்த இந்நோயின் விகிதம் 2016இல் 0.02 ஆகச் சரிந்தது. அந்த ஆண்டுகளில் நோய் கண்ட குழந்தைகளின் தாய்மாரில் ஒருவர்கூடக் கருவுறும் முன் ஊசி போட்டுக்கொண்டவர் அல்லர்.

2022இல் ஒப்புதல் பெற்ற இந்தியத் தயாரிப்பான செர்வாவாக் 6, 11, 16, 18 ஆகிய நான்கு வகைகளுக்கும் எதிரானது. 9 முதல் 26 வயது வரையிலான இருபாலருக்கும் அது அனுமதிக்கப்பட்டுள்ளது. இந்நோயோ பல குழந்தைகளுக்கு ஐந்து வயதுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. அந்தச் சிறு குழந்தைகளுக்கு ஊசி போடும் முடிவைத் தனி மருத்துவரின் துணிச்சலுக்கு விட்டுவிடக் கூடாது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இதற்குத் தெளிவான வழிகாட்டுதலை வகுத்து, நோயாளிகளுக்கென்று தேசியப் பதிவேட்டையும் தொடங்க வேண்டும். போடப்படும் ஒவ்வொரு ஊசியின் பலனும் அதில் பதிவாகட்டும்; இன்று இல்லாத சான்று அப்படித்தான் உருவாகும். அரசு மருத்துவமனைகளின் காது மூக்கு தொண்டைப் பிரிவுகளில் இந்நோயாளிகளுக்கு ஊசி இலவசமாகக் கிடைக்க வேண்டும். பொதுத் திட்டங்களுக்கு வாங்கும் தடுப்பூசி 16, 18 வகைகளோடு நிற்காமல் 6, 11 வகைகளையும் தடுப்பதாக இருக்க வேண்டும். சிறுவர்களையும் படிப்படியாகத் திட்டத்தில் சேர்க்க வேண்டும்.

நோயாளிகளின் எண்ணிக்கை குறைவு என்பது அரசு விலகி நிற்பதற்குக் காரணமாகாது. குறைந்த செலவில் அவர்களுக்கு உதவ முடியும் என்பதால், உடனே செயல்படுவதே அரசின் கடமை.