தாயைப் பார்த்துக் கன்றை நடுங்கள்

"வாழையடி வாழையாக வாழ வேண்டும்" என்று பெரியவர்கள் வாழ்த்துகிறார்களே, அந்த வாழ்த்தில் ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது, சகோதரிகளே! நாம் உண்ணும் வாழையை விதை போட்டு வளர்ப்பதில்லை. தாயின் கிழங்கிலிருந்து கிளம்புவதுதான் கன்று. தாயின் ருசி அதற்கு அப்படியே வரும். தாயின் நோயும் கூடவே வரும்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் தொழிற்சாலை வேலைக்காக வந்து குடியேறிய குடும்பங்கள் இன்று ஏராளம். கொல்லையில் கொஞ்சம் இடம் இருந்தால் ஒரு வாழை வைக்கத் தோன்றும். இலை, பூ, தண்டு, காய், பழம் எதுவும் வீணாகாதல்லவா? ஊருக்குப் போகிறவர்கள் பஸ்ஸில் ஒரு கன்றையும் எடுத்து வருவார்கள். அதுவும் ரஸ்தாளிக் கன்று! இங்கேதான் நிதானிக்க வேண்டும்.

ரஸ்தாளிக்கு எமன் பனாமா வாடல் நோய். மண்ணிலுள்ள ஒரு பூஞ்சை வேர் வழியே ஏறி, தண்ணீர் போகும் பாதையை அடைத்துவிடுகிறது. அடி இலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளாகி, காம்பு ஒடிந்து, பாவாடை கட்டினாற்போல் மரத்தைச் சுற்றித் தொங்கும். கிழங்கை வெட்டினால் செம்பழுப்புக் கோடுகள் தெரியும். மருந்து கிடையாது. மரம் போன பிறகும் பூஞ்சை பல ஆண்டுகள் மண்ணில் கிடக்கும். கன்றோடு வரும் ஒரு பிடி மண் போதும், உங்கள் கொல்லை கெட!

மத்திய அமெரிக்காவில் 'குரோ மிஷல்' என்ற வாழையை அழித்ததும் இதே நோய்தான். 1960-களில் அதன் இடத்துக்கு வந்தது காவண்டிஷ். நாம் மோரிஸ் என்று வாங்குவது அந்த இனமே. அதையும் விடாத புதுவகைப் பூஞ்சை இப்போது பீகார், உத்தரப் பிரதேசம் வரை வந்துவிட்டது.

அப்படியானால் எதை நடுவது? வாடலை நன்றாகத் தாங்குவது நம் பூவன். ஏலக்கி எனப்படும் நெய்ப்பூவன் வேறு. அதற்கு வாடல் வரும். பூவனுக்கும் ஒரு குறை உண்டு: இலையில் மஞ்சள் கோடுகள் விழும் வைரஸ் நோய். எல்லா நோயையும் வெல்லும் வாழை எதுவுமில்லை. ஆகவே, தாயைப் பார்த்தே கன்றை வாங்க வேண்டும்.

பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் பேர்போன விருப்பாட்சி வாழை, 1970-களில் மலைத் தோட்டங்களில் முடிக்கொத்து நோயால் அழிந்தது. அசுவினிப் பூச்சி பரப்பும் வைரஸ் இது. இலைகள் குறுகி உச்சியில் கொத்தாக நிற்கும், குலை தள்ளாது. நோயுற்ற கன்றுகளை நட்டதாலும் அது பரவியது. பிறகு நோயற்ற திசு வளர்ப்புக் கன்றுகளைக் கொண்டுதான் அந்த வாழையை மீட்க முயன்றார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியவை இவை. நல்ல குலை தள்ளிய, இலையில் கோடோ மஞ்சளோ இல்லாத தாயைத் தேடுங்கள். ஈட்டி போல் குறுகிய இலையுள்ள கன்றை எடுங்கள். அகன்ற இலையுள்ள நீர்க்கன்று வேண்டாம். வேரையும் மண்ணையும் அங்கேயே சீவிவிட்டு, கிழங்கைக் கழுவிக் கொண்டுவாருங்கள். ஒன்றரை அடிக் குழியில் மக்கிய எருவிட்டு நடுங்கள். தண்ணீர் தேங்க விடாதீர்கள். பக்கக் கன்றுகளில் ஒன்றை மட்டும் விடுங்கள். திசு வளர்ப்புக் கன்று வாங்கினால் வைரஸ் பரிசோதனை ஆனதா என்று கேளுங்கள். ஆனால் வாடல் கண்ட மண்ணில் அதுவும் பிழைக்காது. அங்கே பூவனே நல்லது.

ரஸ்தாளி ஆசை விடவில்லையா? பழமாக வாங்கி வாருங்கள். கன்றாக மட்டும் பார்க்காமல் கொண்டுவந்து விடாதீர்கள்!