பொவிஸ் நோயாளிகளின் தனி வரிசை

ஆசிரியருக்கு,

வேல்ஸ் நாடாளுமன்றத்தின் உறுப்பினர் ஒருவர் தொகுதி மக்களின் மருத்துவக் குறைகளைச் சபையில் எழுப்பியது பற்றிய கட்டுரை படித்தேன். லண்டன் அரசு பணம் தருவதில்லை என்பதோடு முடித்துவிட்டீர்கள். விஷயம் அவ்வளவு லேசானதல்ல.

பொவிஸ் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். வேல்ஸின் பரப்பில் கால்வாசி; ஆனால் ஒரு பெரிய பொது மருத்துவமனைகூடக் கிடையாது. மூட்டு மாற்றுச் சிகிச்சை என்றால் பலரும் எல்லை தாண்டி இங்கிலாந்தின் ஆஸ்வெஸ்ட்ரிக்கோ ஹெரிஃபோர்டுக்கோதான் போகவேண்டும். பில் பொவிஸ் சுகாதார வாரியத்துக்கு வரும். அங்கே சிகிச்சை சீக்கிரம் நடந்தால் செலவு கட்டுப்படியாகாது என்று, 2025 ஜூலை முதல் தன் நோயாளிகளை வேல்ஸின் காத்திருப்புக் காலப்படியே காத்திருக்கவைக்கும்படி வாரியம் அந்த மருத்துவமனைகளைக் கேட்டுக்கொண்டது. ஒரே டாக்டர், ஒரே வலி. முகவரியைப் பார்த்து வரிசை!

நிதியில் வஞ்சனை இல்லை என்று சொல்லவில்லை. வேல்ஸுக்கு லண்டன் தரும் நிதியைக் கணக்கிடும் பார்னெட் சூத்திரம் தேவையைவிடத் தலைக்கணக்கையே பெரிதாகப் பார்க்கிறது. வேல்ஸில் ஓரடி தண்டவாளமும் போடாத எச்.எஸ்.2 ரயில் திட்டத்தை ‘இங்கிலாந்து-வேல்ஸ் திட்டம்’ என்று எழுதிக்கொண்டு லண்டன் வேல்ஸுக்கு நிதிப் பங்கு மறுத்தது பச்சை அநியாயம். ஸ்காட்லாந்துக்குப் பங்கு கிடைத்ததே!

ஆனால் சுகாதாரம் 1999 முதல் கார்டிஃபில் உள்ள வேல்ஸ் ஆட்சியாளர்கள் கையில் இருக்கிறது. 2007-இல் மருந்துச்சீட்டுக் கட்டணத்தை ரத்து செய்த பெருமை அவர்களுடையது என்றால், காத்திருப்புப் பட்டியலும் அவர்களுடையதுதான். உறுப்பினர் கேட்ட கேள்விகளில் பாதிக்கு அதே சபையில் உட்கார்ந்திருக்கும் அமைச்சர்கள்தான் பதில் சொல்லவேண்டும். அடுத்த கட்டுரையில் அதையும் எழுதுங்கள்.

– ஒரு வாசகர், ஸ்வான்சீ